எந்த ரஞ்சனி?

இந்த யோசனை எனக்கு வந்தது கண்டி–கொழும்பு ரோட்டில், பிலிமத்தலாவைச் சந்தியில், ஓர் ஏணியின் உச்சியில். கையில் குறடு. கண்ணுக்கு நேரே, என் முகத்தைவிடப் பல மடங்கு பெரிதாக, துணியில் அச்சடித்த ஒரு பெண்ணின் சிரித்த முகம். அதற்கு மேலே ‘கண்ணீர் அஞ்சலி’. கீழே ‘ரஞ்சனி’. அந்தப் பெண் அந்த நேரத்தில் கண்டியில், ஆஸ்பத்திரி ஒன்றின் சத்திரசிகிச்சைக் கூடத்தில், யாரோ ஒருவருடைய வயிற்றைத் தைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு பெயருக்கு ஒரு முகம்தான் என்று நம்பியே இத்தனை நாளும் தொழில் செய்திருக்கிறோமே என்பது அங்கே வைத்துத்தான் எனக்கு உறைத்தது.

போன திங்கட்கிழமை நம் பெனர் கடையில் சேர்ந்த உங்கள் மூன்று பேருக்காகவும் இதை எழுதுகிறேன். எழுதச் சொன்னது ‘நானா’, அதாவது அண்ணன். நம் முதலாளியை நாங்கள் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறோம், நீங்களும் கூப்பிடலாம். “ஒண்ட அனுபவத்த எழுதி வெச்சிட்டுப் போ புள்ள” என்றார். அனுபவம் எழுதுகிறவர்களுக்குத் தலை நரைத்திருக்க வேண்டும். எனக்கு இன்னும் முப்பதுகூட ஆகவில்லை. அடுத்த மாதம் கட்டுகஸ்தோட்டைக் கடையில் இந்தக் கவுண்டர் மேசையை விட்டு, பிலிமத்தலாவையில் திறக்கப்போகும் புதுக் கடைக்குப் போகிறேன். என் ஓய்வு அவ்வளவுதான். மை மாற்றுவது, துணி ஏற்றுவது, ஓரம் மடித்துத் துளை போடுவது எல்லாம் மெஷினைப் பார்க்கும் அஸ்மி சொல்லித்தருவான். என்னைவிட நன்றாகச் சொல்லித்தருவான். நான் சொல்லப்போவது மெஷினுக்கு வெளியே நடந்தது.

முதலில் நம் பழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். கடைக்குப் பெனர், அதாவது துணிப் பதாகை, சொல்ல வருகிறவர், சாதாரண ஆளுக்கு என்றால் படம் கொண்டுவருவார். கல்யாணப் படமோ அடையாள அட்டைப் படமோ, ஏதாவது ஒன்று. பெயர் பெற்ற ஆளுக்கு என்றால் கொண்டுவர மாட்டார். “படமா? அவரத் தெரியாத ஆள் உண்டா? பேரத் தேடுங்க, வரும்” என்பார். கண்டியில் இது ஒரு மரியாதை. படம் கேட்டால் அந்தப் பெரிய மனிதரை நமக்குத் தெரியாது என்று ஆகிவிடும். அதனால் நாங்கள் கேட்பதில்லை. தேடுவோம், வரும், முகத்தை மட்டும் வெட்டி எடுத்து வட்டத்துக்குள் வைப்போம். ஊரில் எத்தனையோ பாராட்டு விழாக்கள் அப்படித்தான் நடந்து முடிந்தன. எந்தக் குறையும் வரவில்லை.

அந்தப் புதன்கிழமை மத்தியானம் கலைவாணி என்ற ஒருத்தியிடமிருந்து குரல் பதிவு வந்தது. அழுதழுது பேசியிருந்தாள். நெட்போல் பயிற்றுவிப்பாளர் ரஞ்சனி மிஸ் காலமாகிவிட்டார். பழைய விளையாட்டுக்காரிகள் சேர்ந்து மூன்று பெனர் போடுகிறார்கள். ஒன்று பிலிமத்தலாவைச் சந்திக்கு, ஒன்று மைதானத்துக்கு, ஒன்று வீட்டு வாசலுக்கு. கடைசியில் சொன்னாள், “மிஸ்ஸத் தெரியாதவங்க யாரு. படத்த நீங்களே போட்டுருங்க.”

அஸ்மி செய்தான். நான் சரிபார்த்தேன். ‘ரஞ்சனி’ என்ற பெயர் சரி. வெள்ளிக்கிழமை பகல் கிரியை, சரி. விலாசம் சரி. ‘ஆழ்ந்த அனுதாபங்களுடன் மாணவிகள்’, அதுவும் சரி. எழுத்து ஒவ்வொன்றையும் விரல் வைத்துப் பார்த்தேன். முகத்தின் மேல் யாரும் விரல் வைக்கவில்லை. பின்னேரமே கட்டியாயிற்று.

வியாழன் காலை கவுண்டர் போன் அடித்தது. வயதான ஓர் ஆண் குரல், நிதானமாக.

“பெனர் அடிக்கிற கடைங்களா?”

“ஆமாங்கையா, சொல்லுங்க.”

“நாவலப்பிட்டியில இருந்து பேசுறேன். பக்கத்து வீட்டுப் பையன் போன்ல ஒரு படம் வந்துச்சுன்னு காட்டுனான். கீழ ஓரத்துல உங்க நம்பர் இருந்துச்சு. ரஞ்சனின்னு போட்டு... அது நெசந்தானா தாயி?”

“ஆமாங்கையா. நேத்துதான். நீங்க அவங்களுக்கு?”

“அப்பா.”

இந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்கவேண்டும் என்று நீங்கள் யோசித்துவையுங்கள். நான் சொன்னது இது. “ரொம்ப வருத்தமா இருக்குங்கையா. மனசத் தேத்திக்குங்க.”

“எங்களுக்கு யாரும் சொல்லல தாயி” என்றார். குறையாகச் சொல்லவில்லை, ஒரு விவரம் சொல்வதுபோலச் சொன்னார். “அவளுக்கு எடுத்துப் பாத்தேன். போன் ஓஃப். எந்த வீட்டுல வச்சிருக்காங்க?”

நான் விலாசத்தைப் படித்துக் காட்டினேன். பிலிமத்தலாவைச் சந்தியில் இறங்குங்கள், பெனர் இருக்கும், அதிலிருந்து வெள்ளைக் கொடி கட்டியிருக்கிறார்கள், கொடியைப் பார்த்துக்கொண்டே நடந்தால் வீடு வரும் என்று வழியும் சொன்னேன். அவ்வளவு அக்கறையாகச் சொன்னேன்.

“சரி தாயி. நல்லா இருங்க.”

பெற்ற தகப்பனுக்குக்கூடச் சொல்லாமல் பெனர் போட்டிருக்கிறார்களே, என்ன சனங்கள் என்று அஸ்மியிடம் நான் குறைபட்டது நினைவிருக்கிறது. தேத்தண்ணீர் வந்தது. குடித்தோம். மறுபடி போன் அடித்தது.

“ஹலோ, பெனர் கடையா? நான் ரஞ்சனி பேசுறேன். செத்துப்போன ரஞ்சனி.”

கையிலிருந்த கோப்பையை வைத்துவிட்டேன்.

“பயப்படாதீங்க, நான் பாட்டுக்காரி ரஞ்சனி. திருவிழாவுல எல்லாம் பாடுவேனே. விடிஞ்சதுல இருந்து எனக்கு போன் கோல் மேல கோல். எங்க மாமியா வீட்டுல துக்கம்னு அடுப்புல இருந்த உலைய எறக்கி வச்சுட்டாங்களாம். நானே போன எடுத்து ‘ஹலோ’ங்கிறேன், ‘ரஞ்சனி செத்துட்டாவாமே’ன்னு எங்கிட்டயே அழுறாங்க.” சிரித்தார். பிறகு குரல் மாறியது. “படத்த இப்பதான் பாத்தேன். அது டொக்டர் ரஞ்சனியில்ல? எங்க அக்காவுக்கு ஒபரேஷன் பண்ணது அவங்கதான். அவங்களா தவறிட்டாங்க? என்னாச்சு?”

“இல்லங்க. தவறுனது நெட்போல் மிஸ்.”

“அப்ப ஏன் டொக்டர் படம் போட்டிருக்கீங்க?”

அஸ்மி பக்கம் திரும்பினேன். அவன் ஏற்கெனவே அந்தப் படத்தைத் தேடி எடுத்த பக்கத்தைத் திறந்துவிட்டான். முழுப் படம் திரையில் வந்தது. வெள்ளை மேலங்கி. கழுத்தில் வைத்தியர்கள் போடும் குழாய். வட்டத்துக்குள் வைக்கவென்று கழுத்துக்கு மேலே வெட்டியபோது அவை எல்லாம் போய்விட்டன.

“நான் பேரத் தேடின” என்றான் அஸ்மி. “முதல்ல இவங்கதான் வந்த.” அதையே மறுபடி சொன்னான். “முதல்ல இவங்கதான் வந்த, கௌசி.”

அப்போதுதான் எனக்கு அந்த நாவலப்பிட்டிக் குரல் காதில் திரும்பி வந்தது. எந்த ரஞ்சனியின் அப்பா? போன் ஓஃப் என்றாரே. சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள் நிற்கிற வைத்தியரின் போன் ஓஃபாக இல்லாமல் எப்படி இருக்கும்? ஒரு தகப்பனிடம், உயிரோடு இருக்கிற மகள் செத்துவிட்டாள் என்று நான் என் வாயால் உறுதி சொல்லியிருக்கிறேன். மனதைத் தேற்றிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். கொடியைப் பார்த்துப் போகச் சொல்லி வழிகாட்டியிருக்கிறேன்.

அந்த இலக்கத்துக்கு எடுத்தேன். தொடர்பு இல்லை. திரும்பத் திரும்ப எடுத்தேன். ஊர் முழுக்க விசாரித்து அவருடைய பெட்டரி தீர்ந்துபோயிருந்தது என்பது பின்னால் தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம், எங்கேயோ வழியில், கம்பளை ஊர்ப் பக்கம் ஒரு பஸ்ஸில் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார், அவருடைய மகள் செத்துவிட்டாள், கொன்றது நான்தான் என்பது.

முதலாளி நானா உள்ளறையிலிருந்து வந்தார். கேட்டார். கதிரையில் உட்காராமலே சொன்னார், “முதல்ல பெனர எறக்குங்க. அது தொங்கத் தொங்க ஒவ்வொருத்தனும் படம் புடிச்சி அனுப்புவான். எறக்குங்க, பொறகு மத்ததப் பாக்கலாம்.”

அந்த நேரத்துக்கு அது சரியாகத்தான் பட்டது. அஸ்மி மோட்டார் சைக்கிளில் ஆஸ்பத்திரிக்கு, டொக்டரைக் காண. நான் முச்சக்கர வண்டியில் பிலிமத்தலாவைக்கு. சந்தியிலிருந்த இரும்புக்கடையில் ஏணி கடன் கேட்டேன். கடைக்காரர் சிங்களத்தில், “பிள்ளை, பாவம் அந்த டொக்டர், இல்லையா” என்றார். ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

இந்த இடத்தை நன்றாகப் பாருங்கள். அவர் இறங்கப்போகிற பஸ் நிறுத்தம் கண்ணுக்கு எதிரே இருக்கிறது. நான் நிற்கவேண்டிய இடம் அது. நானோ ஏணியில் ஏறிக்கொண்டிருந்தேன். துணியை இறக்கினால் தப்பு இறங்கிவிடும் என்று என் மூளை நம்பியது. அவசரத்தில் நமக்குக் கைவந்த வேலையைத்தான் நம் கை தேடும். எங்கள் கைக்குத் தெரிந்தது கட்டுவதும் அவிழ்ப்பதும்தான்.

ஒரு பக்கக் கயிற்றை வெட்டியாயிற்று. பெனர் பாதி மடிந்து, முகத்தில் ஒரு கண் மட்டும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்போது கீழேயிருந்து ஒரு குரல்.

“ஏன் தாயி கழட்டுறீங்க? அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?”

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கக்கத்தில் ஒரு கடதாசிப் பொதி. முகம் கழுவித் துடைத்ததுபோலக் காய்ந்திருந்தது. அவர் அழவில்லை. அடக்கம் முடிந்துவிட்டதா, நான் பிந்திவிட்டேனா என்று மட்டும்தான் கேட்டார்.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. குறடு எங்கேயோ விழுந்தது.

“ஐயா, உங்க மகள் உயிரோட இருக்காங்க. படம் மாறிருச்சு. தவறுனது வேற ஒரு ரஞ்சனி.”

அவர் என்னைப் பார்த்தார். கோபம் வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை. “காலைல போன்ல பேசுனது நீதானே?” என்றார்.

“ஆமாங்கையா.”

“நீதானே நெசம்னு சொன்ன?”

இரண்டு தடவையும் அவர் கேட்டது ஒரே குரல். காலையில் அந்தக் குரல் மகளைக் கொன்றது. இப்போது அதே குரல் அவள் இருக்கிறாள் என்கிறது. எதை நம்புவது? என் வார்த்தைக்கு அந்த ரோட்டில் ஒரு மதிப்பும் இல்லாமல் போயிருந்தது. இதை யாரும் எனக்குப் படிப்பில் சொல்லித்தரவில்லை. ஒரு தடவை பிழையாகச் சொன்னவர் மறுபடி சத்தமாகச் சரியானதைச் சொன்னால் போதாது. இன்னொரு வாய் வேண்டும்.

அஸ்மிக்கு எடுத்தேன். அவன் கூடத்துக்கு வெளியே, நடைவழியில் நின்றான். டொக்டர் உள்ளேதான், வெளியே வர நேரமாகும் என்றான். பக்கத்தில் தாதி ஒருவர் நிற்கிறார், சற்றுமுன்தான் உள்ளே போய் வந்தார் என்றான்.

“குடு அவங்ககிட்ட” என்றேன். போனைச் சத்தமாக வைத்து ஐயாவின் காதருகே பிடித்தேன்.

“ஓம், சொல்லுங்கோ.” யாழ்ப்பாணக் குரல்.

“டொக்டர் ரஞ்சனியோட அப்பா பேசுறேம்மா. எம்மக...”

“ஐயா, மகள் உள்ளுக்கு நிக்கிறா. இப்பதான் பாத்திட்டு வாறன். சுகமா நிக்கிறா.”

அவர் நம்பவில்லை. அது எனக்குத் தெரிந்தது. எல்லோரும் சேர்ந்து தன்னைத் தேற்றுகிறார்கள் என்று நினைத்தார். போனை வாங்கி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ரொம்ப மெதுவாகக் கேட்டார், “எப்புடி நிக்கிறா?”

தாதிக்கு முதலில் விளங்கவில்லை. “எப்பிடியெண்டால்?”

“எப்புடி நிக்கிறான்னு சொல்லும்மா.”

அந்தக் குரலில் ஒரு சிரிப்பு வந்தது. “ஒற்றைக் காலிலை நிக்கிறா ஐயா. மற்றக் காலை மடிச்சுக் கெண்டைக்காலிலை வச்சுக்கொண்டு. நாங்கள் கொக்கு எண்டு பகிடி பண்ணுறனாங்கள்.”

ஐயா ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டார். பொதியை மடியில் வைத்துக்கொண்டார். அப்போதுதான் அழுதார். இரும்புக்கடைக்காரர் தண்ணீர் கொண்டு ஓடிவந்தார்.

“அடுப்படியில நின்னாலும் அப்புடித்தான்” என்றார் ஐயா, யாரிடமோ. “ரெண்டு காலையும் ஊனி நில்லுடின்னு அவங்க அம்மா ஏசுவா.”

மகளின் பெயர் எங்களிடம் இருந்தது, படம் இருந்தது, இரண்டும் அவரை ஏமாற்றின. ஒற்றைக் காலில் நிற்பது ஏமாற்றவில்லை. நான் இப்போது கவுண்டரில் கேட்கும் கேள்வி இங்கிருந்து வந்ததுதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

அஸ்மியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். டொக்டரைக் கூப்பிடவா என்று அந்தத் தாதி அவனிடம் கேட்டாராம். வேண்டாம் என்றிருக்கிறான். ஏனடா என்று நான் பின்னால் கேட்டபோது சொன்னான், “உள்ளுக்கு மேசையில ஒராள் படுத்தீக்கிது. ஒங்கட வாப்பா ரோட்டுல அழுறாருண்டு போய்ச் செல்லி அவங்கட கை நடுங்கினா? அதான் வேணாண்டு சென்ன.” படத்தை மாற்றி வைத்தவனும் அவன்தான். அன்றைக்கு எங்களில் ஒழுங்காக யோசித்தவனும் அவன் ஒருத்தன்தான். யாரையாவது ஒரு பிழையை வைத்து எடைபோட நினைத்தால் இதை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். ஐயாவைக் கண்டிக்குக் கூட்டிப்போய் மகளிடம் விட்டால் சரி. முச்சக்கர வண்டியைக் கைகாட்டினேன்.

“அப்ப, அந்த வீட்டுல இருக்கிறது யாரு?” என்றார் ஐயா.

“ஐயா?”

“கொடி கட்டியிருக்கீங்க. அங்கன ஒரு பொம்பளப் புள்ள கெடக்குதுதானே. அது யாரு?”

காலையிலிருந்து நானும் நானாவும் அஸ்மியும் உயிரோடு இருக்கும் ரஞ்சனியைப் பற்றியே பதறிக்கொண்டிருந்தோம். செத்துப்போன ரஞ்சனியை ஒருவரும் ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

ஐயா பொதியைக் காட்டினார். புதுச் சேலை. பிறந்த வீட்டுக் கோடி. பெண் செத்தால் அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுபோய்ப் போர்த்தும் சேலை. நாவலப்பிட்டியில் பஸ் ஏறுவதற்கு முன் கடையில் நின்று நிறம் பார்த்து வாங்கியிருக்கிறார். மகளுக்குப் பிடித்த மயில் நீலம். “இதத் திருப்பிக் கொண்டுபோக முடியாது தாயி. வா, போவோம்.”

வெள்ளைக் கொடியைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். காலையில் நான் சொன்ன அதே வழி.

வாசலில் மூன்றாவது பெனர். அதே தவறான முகம், ஆனால் அதன் மேல் யாரோ ஒரு வெள்ளைத் துணியைப் போட்டு மறைத்திருந்தார்கள். உள்ளே ட்ராக் சூட் போட்ட பெண்கள், சில பேர் குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு. ஒருத்தி எழுந்து வந்தாள். குரலிலேயே தெரிந்தது, கலைவாணி.

“நீங்கதானா பெனர் கடை?”

“ஆமா.”

“எங்க மிஸ் எத்தன டீம ஜெயிக்க வச்சிருக்காங்க தெரியுமா? பேப்பர்ல எங்க படம் வரும். கப்போட நாங்க நிப்போம். அவங்க படம் வரவே வராது. ஒரு நாளைக்கு, ஒரே ஒரு நாளைக்கு அவங்க மொகம் கொழும்பு ரோட்டுல நிக்கட்டும்னுதான் காசு சேத்தோம். அதுலயும் வேற பொம்பள.”

நீங்கள் படம் அனுப்பியிருந்தால் என்று என் நாக்கு நுனி வரை வந்தது. அது உண்மையும்தான். விழுங்கினேன். உண்மையாக இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் செத்த வீட்டு வாசலில் வைத்துப் பேச முடியாது.

“படம் இருக்குங்களா?” என்றேன். “ராத்திரிக்குள்ள மூணையும் புதுசா அடிச்சுக் கட்டித்தாறோம். நாங்களே செய்யணும்.”

அங்கே இருந்த எல்லாப் போன்களும் வெளியே வந்தன. குழுப் படங்கள்தான். மிஸ் எப்போதும் ஓரத்தில். பாதித் தோள், கன்னம், ஒரு கை. படம் எடுக்கும் ஆளே அவராக இருந்ததால் பல படங்களில் அவருடைய நிழல் மட்டும் தரையில் விழுந்திருந்தது. எங்கள் தேடலில் அவர் வராததற்குக் காரணம் விளங்கியது. கடைசியில் ஒரு சின்னப் பெண் ஒன்றைக் காட்டினாள். மைதானக் கோட்டில் மிஸ், வாயில் விசில், கன்னம் இரண்டும் ஊதி, கண் பிதுங்கி, ஒரு கை மேலே. கோபமா சிரிப்பா என்று சொல்ல முடியாது. அதைப் பார்த்ததும் அந்த வீட்டில் அவ்வளவு நேரமும் இல்லாத ஒரு சத்தம். எல்லோரும் ஒரே நேரத்தில் அழுதுகொண்டே சிரித்தார்கள்.

இதற்கிடையில் ஐயா உள்ளே போயிருந்தார். மிஸ்ஸின் கணவர் ஒரு கதிரையில் கல்லாக உட்கார்ந்திருந்தார். பிறந்த வீட்டுப் பக்கம் வெளிநாட்டிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை என்று யாரோ சொன்னார்கள். ஐயா அவர் முன் நின்று, “நானும் ரஞ்சனின்னு ஒரு புள்ளையப் பெத்தவன்ங்க. இத நான் போத்தலாங்களா?” என்று கேட்டார். அந்த மனிதர் நிமிர்ந்து பார்த்தார். எழுந்து வழிவிட்டார்.

மயில் நீலத்தை அவர் போர்த்தி, கால் பக்கம் மடிப்பைச் சரி செய்தார். அவருடைய மகளுக்கென்று பார்த்துப் பார்த்து வாங்கியது. நான் வெளியே வந்துவிட்டேன்.

விசில் படத்தைக் கடைக்கு அனுப்பினேன். நானா உடனே போன் எடுத்தார். “மௌத்து வீட்டுக்கு இதயா போடப் போற? விசிலு ஊதுற படமா? சனம் சிரிக்கும் புள்ள.”

“சிரிச்சாங்க நானா. சிரிச்சுட்டு அழுதாங்க. அவங்க மிஸ் இதுதான்.”

“அடிக்கிறன்” என்றார்.

பொழுது சாயும் நேரம், சத்திரசிகிச்சை முடிந்து விஷயத்தைக் கேட்டறிந்து டொக்டர் ரஞ்சனி வந்தார். பின்னால் மோட்டார் சைக்கிளில் அஸ்மி, சுருட்டிய புதுப் பெனர்களோடு. டொக்டர் காரை ஒழுங்காக நிறுத்தக்கூட இல்லை. ஐயா பந்தலடியில் இருந்து எழுந்து போய், மகளின் தலையை, காதை, கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். சந்தையில் பழம் பார்ப்பதுபோல.

“சாப்பிட்டியா?” என்றார்.

“இல்லப்பா.”

“நானும் இல்ல.”

அவ்வளவுதான் பேசினார்கள். பிறகு டொக்டர் எங்கள் பக்கம் திரும்பினார்.

“என் படத்த யாரக் கேட்டு எடுத்தீங்க?”

“இன்டர்நெட்டுல இருந்த, டொக்டர்” என்றான் அஸ்மி, தரையைப் பார்த்தபடி.

“எங்க வீட்டுக் கண்ணாடியிலயும்தான் இருக்கு. வந்து எடுத்துக்குவீங்களா?”

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. உள்ளே போனார். போர்த்தியிருந்த சேலையைப் பார்த்தார், நிறத்தைக் கண்டதும் அப்பாவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். மிஸ்ஸின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். ஒற்றைக் காலில். வெளியே வந்து கலைவாணியிடம், “நான் தெனமும் இந்த ரோட்டாலதான் போறேன். என் பேர்ல இப்படி ஒராள் இங்க இருந்தாங்கன்னு எனக்குத் தெரியவே தெரியாது” என்றார்.

அன்றிரவு சந்தியில் விசில் ரஞ்சனி ஏறினார். அஸ்மி ஏணியில், நான் கீழே. கொழும்பு பஸ் ஒன்று வேகம் குறைத்தது. ஜன்னலோரத்தில் ஒரு பெண் எழுந்து நின்று பார்த்தாள். கையை நெஞ்சில் வைத்தாள். அவளுக்கு யார் என்று தெரிந்திருந்தது.

இனி, ஏணியில் வைத்து வந்த யோசனை. கவுண்டருக்குப் பின்னால் இருக்கும் சுவரில் படங்கள் ஒட்டியிருப்பதைப் பார்த்து அலங்காரம் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. ஒவ்வொரு வரிசையும் ஒரு பெயர். பெயர் பெற்ற ஒருவருக்குப் பெனர் வந்தால், அதே பெயரில் வேறு யார் யார் பெயர் பெற்றிருக்கிறார்கள் என்று தேடி ஒட்டுகிறோம். தேடத் தேட எனக்குத் தலை சுற்றுகிறது. ஒரு சந்திரகுமார் எலும்பு வைத்தியர், ஒருவர் சதுரங்க வீரர், ஒருவர் மேடையில் சிரிக்க வைப்பவர். ஒரு பாரூக் உதைபந்தாட்ட நடுவர், ஒருவர் கவிஞர், இன்னொருவர் பூச்சிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறார். இவர்களில் பாதிப் பேர் ஒரே பஸ்ஸில் போய்வருகிறார்கள். ஒருவரையொருவர் தெரியாது.

படம் வந்தாலும் வராவிட்டாலும் கவுண்டரில் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். “அவங்கள தூரத்துல கண்டா எதை வச்சு அடையாளம் சொல்வீங்க?” முழுப் பெயரைக் கேட்டால் முழுப் பெயர்தான் வரும். இதைக் கேட்டால் ஆள் வருவார். சிலர் கோபப்படுவார்கள். “அவரத் தெரியாதா உங்களுக்கு” என்பார்கள். தெரியாது என்று சொல்லுங்கள். நம் கடையில் அது இப்போது மரியாதைக் குறைவு இல்லை.

கவுண்டரை விட்டுப் போகுமுன் எனக்கு ஒரு வேலை மீதியிருக்கிறது. மிஸ்ஸின் பெயரில் பெண்கள் நெட்போல் போட்டி வைக்கிறார்கள். தொடக்கி வைப்பவர் டொக்டர் ரஞ்சனி. கலைவாணி கேட்டாள், அவர் சரி என்றாராம். பாட்டுக்கார ரஞ்சனி பாட வருகிறார். “செத்த ரஞ்சனி, சாகாத ரஞ்சனி எல்லாத்துக்கும் சேத்து ஒரு பாட்டு” என்று போனில் சிரித்தார். பிலிமத்தலாவைச் சந்தியில், அதே கம்பத்தில், பெனர் வேண்டும். ஒரே பெயர், மூன்று பேர், ஒருவர் உயிரோடு இல்லை. ஓடுகிற பஸ்ஸிலிருந்து பார்க்கிற ஒருவர் எவர் இருக்கிறார், எவர் இல்லை என்று ஒரு கணமும் தடுமாறக்கூடாது. இதுவரை போட்டுப் பார்த்த எதுவும் சரிவரவில்லை.

நாளைக்கு வேறு விதமாகச் செய்து பார்க்கப்போகிறேன். வட்டம் வேண்டாம். கழுத்தோடு யாரையும் வெட்டுவதில்லை. மூன்று பேரும் தலை முதல் கால் வரை. விசில் ஊதுகிறவர் கையைத் தூக்கிக்கொண்டு, பாடுகிறவர் வாயைத் திறந்துகொண்டு, டொக்டர் ஒற்றைக் காலில். துணி அகலம் போதுமா என்று அஸ்மி சந்தேகப்படுகிறான். ஒட்டித் தைக்கலாம் என்கிறேன் நான்.

போன வாரம் ஐயா நாவலப்பிட்டியிலிருந்து போன் எடுத்திருந்தார். “பெனர் போடுறீங்களாமே தாயி. எம்மக படமும் வருமாமே.”

“ஆமாங்கையா.”

“ரோட்டுல கட்டுறதுக்கு முன்ன எனக்கு அனுப்பு.”

அவர் பார்த்துச் சரி என்று சொல்லும் வரை கயிற்றைத் தொடுவதில்லை என்று நினைத்திருக்கிறேன்.